அத்தியாயம் 6: பனிக்காலச் சடை

கோம்பை நாய்க்கு யாரும் சீப்பு வாங்கியதில்லை. உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய அந்த நாய்க்கு உடம்போடு ஒட்டிய முடி. சேற்றில் புரண்டு எழுந்தாலும், காய்ந்ததும் ஒரு உதறலில் மண் உதிர்ந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் அதே ரகம். தென்மாவட்டத்து நாய் வளர்ப்பு இந்தக் குட்டை முடி நாய்களோடு பழகி வந்தது. எப்போதாவது ஒரு குளியல், படுக்க ஒரு சாக்கு, கழுத்தில் ஒரு கயிறு. அதற்கு மேல் அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஜெயமங்கலம், மேல்மங்கலம், வடுகபட்டி வீடுகளிலும் சடைமுடி நாய்கள் வந்துவிட்டன. நாம் பொமரேனியன் என்று கூப்பிடும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதோடு ஷிட்சூவும் லாசா அப்சோவும் சேர்ந்துகொண்டன. லாசா திபெத்து நாய். ஷிட்சூவின் பூர்வீகமும் திபெத்தும் சீனாவும்தான். உயரமான மலைநாட்டின் காய்ந்த குளிருக்கு அமைந்த முடி அது. நம் ஊர்ப் பனிக்காலத்தில் குளிர் குறைவு, ஈரம் அதிகம். கோம்பை நாயை வளர்த்த பழக்கத்திலேயே ஷிட்சூவையும் வளர்த்தால், தை பிறக்கும்போது அதன் காதுக்குப் பின்னால் சடை விழுந்திருக்கும்.

இந்த அத்தியாயத்தில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சடை குளிரால் விழுவதில்லை, ஈரத்தால் விழுகிறது. குளிருமே என்று இரக்கப்பட்டு நாம் செய்கிற காரியங்களே அதை வளர்க்கின்றன. சீவாமல் விடுகிறோம், ஸ்வெட்டரை நாள் கணக்கில் கழற்றுவதில்லை, குளிப்பாட்டிவிட்டு அரைகுறையாகத் துவட்டி அனுப்பிவிடுகிறோம். முறை இதற்கு நேர் எதிரானது. முதலில் உலர்த்து, பிறகு சீவு, கடைசியில் குளிப்பாட்டு. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

பனிக்காலத்தில் ஏன் அதிகம்?

நாயின் முடியில் இரண்டு ரகம் உண்டு. மேலே நீளமான, சற்று முரட்டு முடி. அடியில் பஞ்சு போன்ற மென்முடி. ஸ்பிட்ஸுக்கு இந்த அடிமுடி மிக அடர்த்தி. அடிமுடி அவ்வப்போது கொட்டிப் புதிதாக முளைக்கும். கொட்டிய முடி தரையில் விழுந்துவிட்டால் தொல்லையில்லை. மேல்முடிக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தால் பக்கத்து முடியைச் சுற்றத் தொடங்கும்.

அதோடு ஈரம் சேர்ந்தால் கதை முடிந்தது. ஒவ்வொரு முடியின் மேலும் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. நனைந்தால் அவை விரியும், உரசினால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், காய்ந்தால் இறுகும். செம்மறி ரோமத்தை நனைத்துத் தேய்த்தால் நெய்யாமலே துணியாகக் கெட்டிப்படுவதும் இதே வழியில்தான். ஈரம், உரசல், காய்தல் என்ற மூன்றும் மாறி மாறி நடக்கிற இடத்தில் சடை விழும்.

ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வராக நதியில் தண்ணீர் ஓடும். வயலும் வாழைத் தோட்டமும் சொதசொதவென்று கிடக்கும். மழை விட்டதும் மார்கழிப் பனி. ஷிட்சூவின் உயரம் ஏறக்குறைய ஒரு சாண். வரப்பில் கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் அதன் வயிறு, தொடை, கால் எல்லாம் தெப்பமாக நனைந்திருக்கும். நமக்குச் செருப்பு மட்டும் ஈரமாகியிருப்பதால் இது கண்ணில் படுவதில்லை.

மழை முடிந்த வரப்புகளில் நாயுருவி முற்றி நிற்கும். அதன் விதை முடியில் ஒட்டினால், அதைச் சுற்றியே ஒரு முடிச்சு உருவாகும். நெருஞ்சி முள் விரலிடுக்கில் தங்கும். ஊசிப்புல்லின் கூர்முனை முடியைத் தாண்டித் தோலுக்குள்ளேயே நுழையும். அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசும் நெல் சுணையும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டுக்குள்ளும் காரணங்கள் உண்டு. குளிருக்கு ஒதுங்கி அடுப்படியில் படுத்தால் சாம்பல் முடியேறும். சாம்பல் முடியின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வறள வைக்கும். வறண்ட முடி எளிதில் சிக்கும். ஈரச் சாக்கில் படுத்தால் அடிவயிற்று முடி இரவெல்லாம் ஈரத்திலேயே கிடக்கும்.

கையால் தேடுங்கள்

சடை மேலே தெரியாது. மேல்முடி பளபளவென்று இருக்கும், அடியில் கட்டியிருக்கும். கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். ஐந்து விரலையும் முடிக்குள் விட்டுத் தோலைத் தொட்டபடி நகர்த்துங்கள். விரல் தடுக்கினால் நிறுத்துங்கள்.

தேட வேண்டிய இடங்கள் இவை: காதின் பின்புறமும் அடியும், தாடை, கழுத்தில் பட்டை உரசும் இடம், முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, வாலடி, விரலிடுக்கு. நூற்றுக்குத் தொண்ணூறு சடை இங்கேதான் தொடங்கும். முதுகில் சடை விழுந்திருந்தால் அந்த நாயைச் சீவியே வெகுகாலமாகிவிட்டது என்று பொருள்.

கழுத்தைப் பார்க்கும்போது கறுப்புக் கயிற்றையும் தாயத்தையும் தேடுங்கள். குட்டியாக இருந்தபோது கண்ணேறு படக்கூடாது என்று கட்டியது, நாய் வளர்ந்த பிறகும் முடிக்குள் புதைந்து கிடக்கும். அதைச் சுற்றிச் சடை இறுகி, கயிறு தோலையே அறுக்கத் தொடங்கியிருக்கலாம். கயிறு வேண்டுமென்றால் பட்டையில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம்.

சடை எது, உண்ணி எது, கட்டி எது என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் வரும்.

“ஏ தாயி, சிம்பு காதுக்கடியில என்னமோ உருண்டையாத் தட்டுப்படுது பாரு.”

“உண்ணியா இருக்கும் அப்பத்தா. இரு, புடுங்கிப் போட்டுர்றேன்.”

“புடுங்காத, புடுங்காத. ரெண்டு வெரலால புடிச்சு லேசாத் தூக்கிப் பாரு. முடியோட தனியா அசையுதா, தோலோட ஒட்டி நிக்குதா?”

அப்பத்தா சொன்னதுதான் சோதனை. முடியோடு தனியே அசைந்தால் சடை. தோலில் பிடித்துக்கொண்டு நின்றால் உண்ணியோ, மருவோ, கட்டியோ. முடியை விலக்கி வெளிச்சத்தில் பார்த்த பிறகே கத்தரியையோ இடுக்கியையோ எடுக்க வேண்டும். சடை என்று நினைத்து மருவை வெட்டியவர்கள் உண்டு.

மூன்று தரம்

சடையைக் கண்டதும் அது எந்தத் தரம் என்று முடிவு செய்யுங்கள். என்ன செய்வது, யார் செய்வது என்பது அதைப் பொறுத்தது.

*சிக்கு:* விரலால் பிரித்தாலே முடி தனித்தனியாக வரும். சீப்பு கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். வீட்டிலேயே ஐந்து நிமிட வேலை.

*முடிச்சு:* புளியங்கொட்டை முதல் எலுமிச்சை அளவு வரை உருண்டு நிற்கும். தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவே சீப்பு நுழைகிற இடைவெளி இருக்கும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம்.

*அட்டை:* முடிச்சுகள் ஒன்று சேர்ந்து தோலோடு தகடாகப் படிந்திருக்கும். சீப்பின் பல் அடியில் நுழையாது. இதைச் சீவவே கூடாது. மெஷினால் அடியோடு வழித்தெடுப்பதுதான் வழி. அதையும் பழகிய கையோ மருத்துவரோ செய்ய வேண்டும்.

மூன்றாம் தரத்தைச் சீவி எடுத்துவிடலாம் என்று மல்லுக்கட்டுவது நாய்க்குச் சித்திரவதை. மனிதத் தோலின் மேலடுக்கில் 10 முதல் 15 வரிசை செல்கள் உண்டு. நாய்க்கு முடி மூடிய இடங்களில் 3 முதல் 5 வரிசைதான். அந்த மெல்லிய தோலைச் சடை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதற்கு மேலும் இழுக்கிறோம். அன்று பட்ட வலியை நாய் மறக்காது. அடுத்த முறை சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வேண்டிய சாமான்கள்

ஒரு பக்கம் அகலப் பல்லும் மறுபக்கம் நெருக்கப் பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு. மெல்லிய வளைந்த கம்பிகள் பதித்த ஸ்லிக்கர் பிரஷ். முனை மழுங்கிய சிறு கத்தரி. நாய்க்கான கண்டிஷனர் ஸ்பிரே. கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை மாவு கொஞ்சம். நன்றாகத் தண்ணீர் உறிஞ்சும் பழைய பருத்தித் துண்டுகள் இரண்டு மூன்று.

பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம்; காய்ந்த முடி மின்னேறிச் சீப்போடு ஒட்டிக்கொண்டு பறக்கும். வீட்டுப் பேன் சீப்பு கண்ணோரப் பீளையை எடுக்க மட்டும் உதவும். சடைக்கு அதன் பல் மிக நெருக்கம். ஸ்லிக்கர் பிரஷை முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிகிற அழுத்தம் நாய்க்கும் எரியும்.

சடை எடுக்கும் முறை

நேரம்: காலை பத்து மணிக்கு மேல், நாய் நடந்து களைத்து, உடம்பு காய்ந்த பிறகு. இடம்: திண்ணையோ மேசையோ, வழுக்காமல் ஒரு சாக்கை விரித்து. ஒருவர் பிடிக்க, ஒருவர் சீவ வேண்டும். பிடிப்பவர் நாய்க்குப் பழகியவராக இருக்கட்டும்.

1. முடி முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். அல்லது காயவைத்துவிட்டு வாருங்கள்.

2. முடிச்சின் மேல் கண்டிஷனர் ஸ்பிரேயை லேசாக அடித்து விரலால் தேய்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளோரை முடிச்சுக்குள் தூவித் தேய்க்கலாம். மாவு முடிக்கு முடி வழுக்கவைக்கும். முகத்துக்கு அருகே தூவ வேண்டாம், மூச்சில் ஏறும்.

3. இடது கையின் இரு விரலால் முடிச்சின் வேரை, அதாவது முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவில், இறுகப் பிடியுங்கள். இந்த வேலையில் முக்கியமான இடம் இதுதான். சீப்பின் இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிட வேண்டும், தோலுக்குப் போகக்கூடாது.

4. வலது கையால் முடிச்சை விரல் நுனி கொண்டு பக்கவாட்டில் பிரித்து இரண்டாக்குங்கள். இரண்டை நான்காக்குங்கள். பெரிய முடிச்சை முழுசாகச் சீவ முயல்வதுதான் பலர் தோற்கும் இடம்.

5. சீப்பின் கடைசி இரண்டு மூன்று பல்லால், முடி நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனி பிரிந்ததும் அரை விரற்கடை உள்ளே போங்கள். அப்படியே வேர் வரை. வேரிலிருந்து நுனிக்கு இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும்.

6. முடிச்சு பிரிந்ததும் ஸ்லிக்கர் பிரஷால் அந்த இடத்தைச் சிறு சிறு தட்டலாகச் சீவுங்கள். செத்த அடிமுடி பஞ்சாக வெளியே வரும். அது வந்தால்தான் வேலை முடிந்தது.

7. கடைசியில் நெருக்கப் பல் சீப்பை வேரிலிருந்து நுனி வரை ஒரு முறை ஓட்டுங்கள். தடுக்காமல் போனால் அடுத்த இடம்.

ஒரு அமர்வுக்குப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாய் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, தலையைத் திருப்புவது, உடம்பை விறைப்பது எல்லாம் ‘போதும்’ என்பதன் அடையாளம். உறுமல் அதற்கு அடுத்த படி. உறுமுவதற்கு முன்பே நிறுத்தி, ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ கொடுத்து அனுப்பிவிடுங்கள். மிச்சம் நாளைக்கு.

பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று விடக்கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கத்தரியைப் பற்றி

அதிகம் விபத்து நடப்பது கத்தரியால். முடிச்சைத் தூக்கிப் பிடித்ததும் அதன் அடித்தோலும் சேர்ந்து மேலே எழும்பி நிற்கும். முடிக்குள் அது தெரியாது. முடிச்சின் அடியில் கத்தரியைக் கொடுத்தால் தோலும் சேர்ந்து போய்விடும். அக்குளிலும் காதோரத்திலும் தோல் தளர்வாக இருப்பதால் அங்கே இது சட்டென்று நடக்கும்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் சீப்பைத் தோலை ஒட்டி முடிச்சின் அடியில் நுழையுங்கள். சீப்பின் மேல்பக்கமாகக் கத்தரியை வைத்து வெட்டுங்கள். சீப்பு நுழையாத இடத்தில் கத்தரியும் நுழையக்கூடாது. வெட்ட மனமில்லாவிட்டால், முடிச்சை முடி வளர்ந்த திசையிலேயே நீளவாக்கில் இரண்டு மூன்றாகக் கீறிவிட்டுச் சீவலாம். குறுக்கே வெட்ட வேண்டாம்.

தாடி வழிக்கும் டிரிம்மரை நாய் முடிக்கு எடுக்க வேண்டாம். அடர்ந்த முடியில் அது திணறும், சூடேறும். சூடேறிய பிளேடு தோலில் பட்டால் தீப்புண்தான். அன்று தெரியாது, இரண்டு நாள் கழித்துச் சிவந்து நீர் வடியும். நாய்க்கான கிளிப்பரில் சடையெடுக்கப் பெரும்பாலும் 10-ஆம் எண் பிளேடு போடுவார்கள். அதையும் சில நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, உள்மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். முடிவெட்டும் இடத்துக்குக் கொண்டுபோனால் இதைச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

குளியல்

சடையோடு குளிப்பாட்டாதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை போகும். தண்ணீர் பட்டதும் முடிச்சு இறுகும். உள்ளே போன ஷாம்பு வெளியே வராது. அடித்தோல் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் தோல் வெந்து, சொறிந்து, ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த புண்ணாக மாறலாம்.

பனிக்காலத்தில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முழுக் குளியல் போதும். நடுவில் கால், வயிறு, வாலடி மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதுமானது. தண்ணீரின் சூட்டை முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். கைக்குழந்தைக்கு ஊற்றுகிற பதம். நம் சோப்பும் ஷாம்புவும் வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருப்பது. நமக்குச் செய்தது அதற்குப் பொருந்தாது. சீயக்காயும் கண்ணில் பட்டால் எரியும், முடியையும் வறள வைக்கும்.

ஷாம்புவை உச்சந்தலையில் கொட்டிப் பரபரவென்று தேய்க்காதீர்கள். அந்தத் தேய்ப்பே சடை. கோப்பையில் தண்ணீரோடு கலந்து, முதுகிலிருந்து கீழாக ஊற்றி, முடி விழும் திசையிலேயே விரலால் வழித்துவிடுங்கள். அலசும் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள்.

காயவைப்பது

துண்டால் தேய்க்க வேண்டாம், அழுத்தி ஒற்றுங்கள். ஒரு துண்டு நனைந்ததும் அடுத்த துண்டு. பிறகு இளவெயில். பத்து மணிக்குக் குளித்த நாய் பதினொன்றரைக்குள் மேலே காய்ந்துவிடும், அடிமுடி காய்ந்திருக்காது. முடியை விலக்கித் தோலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்.

ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, உங்கள் இன்னொரு கை நாயின் உடம்பில் இருக்கும்படி ஓட்டுங்கள். கை சுட்டால் நாய்க்கும் சுடும். காற்றடிக்கும்போதே ஸ்லிக்கர் பிரஷால் சீவிக்கொண்டே போனால் முடி நேராகக் காயும், சிக்காது. தானாகக் காயட்டும் என்று விட்ட முடி சுருண்டு காயும். அடுத்த வாரச் சடை அங்கிருந்து தொடங்கும்.

சாயங்காலக் குளியல் கூடாது. சிறிய நாய்க்கு எடையோடு ஒப்பிட்டால் உடம்பின் பரப்பு அதிகம். சூட்டைச் சீக்கிரம் இழக்கும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நடுங்கிக்கொண்டு, காது சில்லிட்டு, சோர்ந்து கிடந்தால் உலர்ந்த துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

ஸ்வெட்டர்

நம் சமவெளியில் வீட்டுக்குள் படுக்கும் நீள முடி நாய்க்குப் பெரும்பாலும் ஸ்வெட்டர் தேவையில்லை. கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனால் தேவை. அங்கே சில இரவுகளில் புல்லில் உறைபனியே படியும். குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும், முடி வழித்த நாய்க்கும் இங்கேயும் தேவைப்படலாம்.

போட்டால், காலையில் கழற்றுங்கள். கழற்றிய உடனே அக்குளையும் மார்பையும் சீவுங்கள். உள்பக்கம் சொரசொரப்பான கம்பளியை விட வழுவழுப்பான பருத்தித் துணி நல்லது. நனைந்த ஸ்வெட்டர் ஒரு நிமிடமும் உடம்பில் இருக்கக்கூடாது. நடக்கக் கூட்டிப்போகும் ஹார்னஸுக்கும் இதே விதி: வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டுங்கள்.

மொட்டை அடிக்கலாமா?

அட்டைச் சடை விழுந்துவிட்டால் மார்கழியாக இருந்தாலும் வழித்துத்தான் ஆக வேண்டும். அழகைவிட வலி பெரிது. வழித்த பிறகு ஸ்வெட்டரும் காய்ந்த படுக்கையும் கொடுத்தால் குளிரைச் சமாளித்துவிடும். காதில் இறுகிய சடையை எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் கவனம் வேண்டும். திடீரென்று லேசான காதை நாய் பலமாக உதறும். உதறலில் காது மடலுக்குள் ரத்தம் கோத்து வீங்கலாம். காது உப்பலாகத் தெரிந்தால் அன்றே மருத்துவர்.

ஷிட்சூ, லாசா இரண்டுக்கும் முடியைக் குறைப்பதால் கெடுதி இல்லை. மழைக்கு முன்பே ஓர் அங்குலமாக வெட்டி வைப்பது புத்திசாலித்தனம். ஸ்பிட்ஸுக்கு மட்டும் யோசிக்க வேண்டும். இரட்டை முடி நாயை ஒட்ட வழித்தால் சிலவற்றுக்கு முடி திட்டுத் திட்டாகத் திரும்பும், மாதக்கணக்காகும். அதற்கு அக்குள், தொடையிடுக்கு, வாலடி, பாதம் ஆகிய இடங்களில் மட்டும் குறைத்துவிட்டு மற்றதைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாத வைத்தியம்

*தேங்காயெண்ணெய்:* ஒரு துளியை விரலில் தேய்த்து முடிச்சில் தடவிப் பிரித்துவிட்டு, பிறகு ஷாம்பு போட்டு எடுத்துவிட்டால் தவறில்லை. தலைக்குத் தேய்ப்பதுபோல உடம்பெல்லாம் பூசுவதுதான் தவறு. மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய் அது. முடியிலும் உறைந்து, தெருப்புழுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

*மண்ணெண்ணெய், பினாயில்:* சடைக்குள் உண்ணி இருந்தால் இதைத் தடவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டும் தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் விஷம்.

*கற்பூரம், அந்துருண்டை:* புழு வைத்த புண்ணில் பொடித்துப் போடுவார்கள். ஐந்தாறு கிலோ நாய்க்கு இவை ஆபத்தானவை.

*மாட்டு உண்ணி மருந்து:* தொழுவத்தில் மிச்சம் இருக்கிறது என்று நாய்க்கும் கலக்கிவிடாதீர்கள். நானூறு கிலோ மாட்டுக்கான மருந்தின் அளவை ஐந்து கிலோ நாய்க்குக் கண்ணால் மட்டிட முடியாது. எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மருத்துவரிடம் எப்போது?

சடைக்கு அடியில் தோல் சிவந்து, ஈரமாக, நாற்றமடித்தால். வாலடியில் சடையும் மலமும் சேர்ந்து ஆசனவாயை அடைத்திருந்தால். நாய் முக்கும், மலம் வராது. ஈ மொய்த்து, முடிக்குள் புழு நெளிந்தால். சடைக்குள் உண்ணி நிறைய இருந்து, நாய்க்குக் காய்ச்சலோ, ஈறு வெளுப்போ, மூக்கில் ரத்தமோ இருந்தால். உண்ணி பரப்பும் ரத்த நோய் நம் பக்கத்தில் சாதாரணம். நன்றாகச் சீவிய கிழட்டு நாய்க்குத் திடீரென்று இடுப்பில் சடை விழுந்தாலும் காட்டுங்கள். மூட்டு வலியால் அது தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டிருக்கலாம்.

அட்டைச் சடையை எடுக்க மருத்துவர் மயக்க ஊசி போடச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். விழித்திருக்கும் நாயை நான்கு பேர் அமுக்கிப் பிடித்து வழிப்பதைவிட அது பாதுகாப்பு. மயக்கத்துக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் உள்ளூர் அரசு கால்நடை மருந்தகம். அங்கே முடியாதென்றால் பெரியகுளம், தேனி. பெரிய சிக்கலுக்குத் தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

மாத வாரியாக வேலை

*ஐப்பசி:* மழைக்கு முன் முடியைக் குறையுங்கள். அக்குள், வாலடி, விரலிடுக்கில் ஒட்ட வெட்டிவிடுங்கள். ஈரச் சாக்கைத் தூக்கிவிட்டுத் துவைத்துக் காயப்போடக்கூடிய துணிப் படுக்கையாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

*கார்த்திகை:* வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் நான்கு காலையும் கழுவி, விரலிடுக்கு வரை ஒற்றி எடுங்கள். மாலையில் ஐந்து நிமிடம் சீப்பு. காது, அக்குள், தொடை, வாலடி இந்த நான்கு இடம் போதும். முழு உடம்பு வாரத்துக்கு இரண்டு முறை.

*மார்கழி:* நடையைப் பனி காய்ந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் வையுங்கள். வரப்பை விட்டுத் தார்ச் சாலை ஓரம் போங்கள். வந்ததும் நாயுருவி விதையைக் கையால் பொறுக்குங்கள். மறுநாளைக்கு விட்டால் கத்தரிதான்.

*தை:* மாதம் பிறக்கும் முன்பே, போகிக்கு முன்னால், ஒரு முழுச் சீவலும் குளியலும். பொங்கல் நாட்களில் கரும்புச் சக்கையையும் வெல்லப் பிசுக்கையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். தாடையில் ஒட்டியதை வெந்நீர்த் துணியால் அன்றே துடையுங்கள்.

*மாசி:* வெயில் ஏறும், அடிமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். சடை போன காலம் என்று சீப்பை உள்ளே வைத்துவிடுகிற மாதமும் இதுதான். கொட்டுகிற முடியை எடுக்காவிட்டால், ஈரமே இல்லாமல்கூட அது அடியில் கட்டும். ஸ்பிட்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு மாதம் தினமும் ஸ்லிக்கர் பிரஷ் பிடியுங்கள். பங்குனியில் பிரஷில் பஞ்சு வருவது குறைந்ததும் மீண்டும் வாரம் இருமுறைக்கு வந்துவிடலாம்.